சிரட்டை வைத்த கன்றுகள்

காலையில் அப்பா பாலை அடுப்பில் வைப்பார். பிறகு பின்வாசலில் போய் நிற்பார். ஜெமி அடுப்பின் பக்கத்தில் நிற்பாள். பால் மேலே வந்ததும் அணைப்பாள். இரண்டு பேரும் சாயா குடிப்பார்கள். அப்பா அவளுக்குத் தலை பின்னிவிடுவார். பின்னல் ஒரு பக்கமாகக் கோணும். ஜெமி அப்படியே பையை மாட்டிக்கொள்வாள். பள்ளிக்கூட பஸ் வரும்.

அம்மா ஜின்சி இறந்த பிறகு எல்லாக் காலையும் இப்படித்தான்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு சரிவு. முன்பு அங்கே ரப்பர் நின்றது. மரங்களுக்கு வயதாகிப் பால் குறைந்ததும் வெட்டினார்கள். மறுபடி ரப்பர் வேண்டாம், இந்த மலையில் முன்பு நின்ற காட்டு மரங்களையே வைப்போம் என்று அம்மாதான் சொன்னாள். ஊரிலும் நாகர்கோவிலிலும் பலர் ஆளுக்கொரு கன்றுக்குப் பொறுப்பேற்றார்கள். மழை தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை வேனில் வந்து அயினியும் நாங்கும் வேங்கையும் நட்டார்கள். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டார்கள். கன்றோடு நின்று போட்டோ எடுத்தார்கள். அன்று வீட்டில் உட்கார இடமில்லை.

இப்போது யாரும் வருவதில்லை. என்ன பேசுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை போலும். செசிலி அத்தை மட்டும் எப்போதாவது வருவாள். "காட்டைக் காப்பாற்று" என்று மகளிடம் சொல்லிவிட்டுத்தான் ஜின்சி கண்ணை மூடினாள் என்று எல்லோரிடமும் சொல்வாள். ஜெமி அதை மறுத்ததில்லை.

சரிவு முழுக்கப் பச்சையாக இருந்தது. அது கன்றுகளின் பச்சை இல்லை. பயறுக்கொடி. ரப்பர் தோட்டத்தில் மண் காயாமல் இருக்க விதைக்கும் கொடி. அது நல்ல கொடி என்று அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதனால் பழைய வேரிலிருந்து அது மறுபடி கிளம்பியபோது யாரும் தொடவில்லை. முழங்கால் உயரக் கன்றுகளை அது மூடிவிட்டது.

வெள்ளிக்கிழமை மாலை ஜஸ்டஸ் மாமா வந்தார். ரப்பர் நட்டுக் கொடுக்கிற காண்ட்ராக்டர். காட்டுக் கன்றெல்லாம் செத்துப்போச்சு, திங்கட்கிழமை புல் வெட்டுகிற மெஷின் கொண்டுவந்து கொடியோடு எல்லாவற்றையும் வெட்டிவிட்டு ரப்பர் வைக்கலாம் என்றார்.

அப்பா "சரி" என்றார். அந்த வாரம் அவர் பேசிய மிகச் சில சொற்களில் அது ஒன்று.

மறுநாள் ஜெமி தனியாகச் சரிவில் ஏறினாள். கொடிக்குள் கையை விட்டாள். ஒரு அயினிக் கன்று வளைந்து கிடந்தது. நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தாள். உள்ளே பச்சை.

ஓடி வந்தாள். அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அவள் எழுப்பவில்லை. பக்கத்து வீட்டுப் பெமிலாவைக் கூப்பிட்டாள். இருவரும் ஒரே வகுப்பு.

பெமிலா வந்த வேகத்தில் கொடியைப் பிடித்து இழுத்தாள். கூடவே ஒரு கன்றும் வேரோடு வந்தது.

"ஏட்டி, இதும் பயறு இல்லியா?"

"அது நாங்கு. நீ ரெண்டு இழுப்பு இழுத்தாப் போதும், ஜஸ்டஸ் மாமாக்க மெஷினே வேண்டாம்."

பெமிலாவின் முகம் சுருங்கியது. ஜெமி சிரித்துக்கொண்டே கன்றைத் திரும்ப ஊன்றி மண்ணை அமுக்கினாள். பக்கத்தில் நிற்கும் பெமிலாவுக்கே கன்று தெரியவில்லை. மெஷினுக்கு எப்படித் தெரியும்?

கொட்டகையில் பழைய தேங்காய்ச் சிரட்டைகள் சாக்குச் சாக்காகக் கிடந்தன. ரப்பர் பால் பிடித்தவை. ஜெமி ஒரு சாக்கை இழுத்து வந்தாள். உயிருள்ள கன்று ஒவ்வொன்றின் பக்கத்திலும், கொடிக்கு மேலே தெரியும்படி, ஒரு குச்சி நட்டாள். குச்சியின் தலையில் ஒரு சிரட்டையைக் கவிழ்த்தாள்.

மதியம் பெமிலாவை அவள் அம்மா கூப்பிட்டுக்கொண்டாள். அதன் பிறகு ஜெமி மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வந்ததும் மறுபடி ஏறினாள். பேச ஆளில்லை. கன்றுகளோடு பேசிப் பார்த்தாள். வெட்கமாக இருந்தது. நிறுத்திவிட்டாள்.

திங்கட்கிழமை காலை ஜஸ்டஸ் மாமா மெஷினைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்று அப்பாவைக் கூப்பிட்டார்.

"ஏலே அனிஷே, மேல என்ன, சிரட்டை விளைஞ்சு நிக்கு?"

அப்பா பின்வாசலில்தான் நின்றிருந்தார். தினமும் நிற்கிற இடம். இன்றைக்குத்தான் சரிவைப் பார்த்தார். மெதுவாக ஏறினார். ஒரு சிரட்டையின் அடியில் கொடியை விலக்கினார். இன்னொன்றில் விலக்கினார்.

"எல்லாத்துக்கும் உயிர் இருக்கா?"

"சிரட்டை வச்சதுக்கெல்லாம் இருக்குப்பா."

மெஷின் வேண்டாம், அரிவாள் இருந்தால் போதும் என்று அப்பா ஜஸ்டஸ் மாமாவிடம் சொன்னார். மாமா முறைத்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டினார். நல்ல கொடியை வெட்டச் சொல்கிறானே என்று முணுமுணுத்தபடியே அறுத்தார்.

அப்பா சரிவை ஒரு போட்டோ எடுத்து, கன்று நட்டவர்களுக்கு அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை அரிவாளோடு வருகிறோம் என்று பதில் வந்தது. கீழே பள்ளிக்கூட பஸ் ஹார்ன் அடித்துவிட்டுப் போனது. இருவரும் கவனிக்கவில்லை.

அப்பா ஜெமியின் பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன காலையில் அவர் ஆட்டோ கூப்பிடப் போயிருந்தார். அம்மா கடைசியாகப் பேசியபோது பக்கத்தில் இருந்தது ஜெமி மட்டும்தான்.

"காட்டைப் பாத்துக்கன்னு அம்மா சொன்னாளா மக்கா?"

"இல்லப்பா. அது அத்தை சொல்லுதது."

"பின்ன என்ன சொன்னா?"

ஜெமி கையிலிருந்த மண்ணைத் தட்டினாள்.

"பால் அடுப்பில இருக்கு, பொங்காமப் பாத்துக்கோ மக்கான்னு சொன்னா."