பெரிய கிராணி காருக்கு அடியில் எண்ணெய்

“பிரேக் குழாயை அறுத்தது நீதான்டா. உன்னைக் கப்பல் ஏத்தாம விடமாட்டேன்,” என்று தோட்ட ஆபீசின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி பெர்னாட் கத்தினார்.

“உங்க காரை நான் ஏன் ஐயா தொடணும்? என் லோரியைக் கழுவவே எனக்கு நேரம் பத்தல லா,” என்று லோரி டிரைவர் செல்லன் பதிலுக்குக் குரலை உயர்த்தினான்.

மலாயாவில் கோலசிலாங்கூர் பக்கத்து அந்தத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பாதி கிராணி வீட்டு வாசலில் கூடிவிட்டது. முன்வரிசையில், கையில் கரண்டியோடு, தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெஸர் அந்தோணிதாஸின் மனைவி மாடில்டா நின்றாள். எப்போதும் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும் பெர்னாட்டின் தலைமுடி அன்று வைக்கோலாகப் பறந்தது. கோபம் உச்சிக்கு ஏறினால் அப்படித்தான் ஆகும்போல என்று அவள் முடிவு கட்டினாள்.

நின்றிருந்த கறுப்புக் காரின் முன்சக்கரத்தை ஒட்டி மண்ணில் எண்ணெய் தேங்கியிருந்தது. போலீஸில் சொல்லி அவர்கள் வந்து பார்க்கும்வரை யாரும் கிட்டே வரக்கூடாது என்று பெர்னாட் தடுத்து வைத்திருந்தார். செல்லன் மாட்டிக்கொண்டதில் மாடில்டாவுக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சிதான். அந்தக் கார் வந்த நாளிலிருந்து தன் வீட்டுக்காரருடைய சைக்கிளைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. தங்கை இசபெல் பெர்னாட்டைக் கட்டிக்கொண்டால் தானும் அதில் ஏறி ஊர் பார்க்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். தோட்டப் பள்ளி டீச்சரான இசபெலோ, ஞாயிற்றுக்கிழமைகளில் காலியாகப் போகும் காரை விட்டுவிட்டு, செல்லனின் லோரியில் கூட்டத்தோடு நின்றுகொண்டு மாதா கோயிலுக்குப் போனாள். பெர்னாட்டின் வயிறு எரிந்ததை லயத்துக் கோழிக்குஞ்சும் அறியும்.

ஆனால் இது கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக வெள்ளைக்காரன் போட்ட எமர்ஜென்சி காலம். நாசவேலை என்று போலீஸில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆளைப் பிடித்து அடைப்பார்கள். பிறகு நாகப்பட்டினத்துக்குக் கப்பல்.

“அத்தான், அவரைக் கொண்டுபோயிடுவாங்க. ஏதாச்சும் செய்யுங்க,” என்றாள் இசபெல். நேற்றுவரை ‘அவன்’ என்றிருந்த செல்லன் இன்றைக்கு ‘அவர்’ ஆகியிருப்பது மாடில்டாவின் காதில் சுருக்கென்று குத்தியது.

அந்தோணிதாஸ் அவசரப்படவில்லை. “போலீஸைக் கூப்பிடலாம், கிராணி. அதுக்கு முன்னால நோயாளியைச் சோதிக்கலாமே,” என்று காரைக் காட்டினார். கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க, பெர்னாட் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வெள்ளைத் தட்டுகள் வந்தன. மாடில்டா கரண்டியைப் போட்டுவிட்டு ஓடியோடி உதவினாள். காரைத் தள்ளிக் காய்ந்த இடத்தில் நிறுத்தி, எஞ்சினுக்குக் கீழே ஒன்று, தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஒன்று, சக்கரங்களுக்கு உட்பக்கம் ஒவ்வொன்று என்று வைத்தார்கள். அந்தோணிதாஸ் எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கைத் திரும்பத் திரும்ப மிதித்தார். பிறகு ஒவ்வொரு தட்டாக இழுத்துப் பார்த்தார். எஞ்சின் தட்டில் ஒரு கறுப்புப் பொட்டு. தொட்டித் தட்டில் துருநிறத்தில் கொஞ்சம் தண்ணீர். சக்கரத் தட்டுகள் கழுவி வைத்தபடியே இருந்தன.

“என்னங்க, இங்க பாருங்க,” என்று மாடில்டா அந்த எண்ணெய்த் தேக்கத்தைக் காட்டினாள். எறும்புகள் வரிசை கட்டியிருந்தன.

அவர் குனிந்து, விரலில் தொட்டு முகர்ந்தார். பிறகு பெர்னாட், செல்லன், இசபெல் மூவரையும் கிராணி வீட்டு வராந்தாவில் உட்காரவைத்தார். மாடில்டா அழைக்காமலே உட்கார்ந்தாள்.

“குழாய் அறுந்திருந்தா மிதிக்கிற பிரேக் அடிவரை இறங்கிடும். இது கல்லு மாதிரி நிக்குது. கீழே கிடக்கிறது தேங்காய் எண்ணெய்.”

“அப்ப என்னை மிரட்ட இவன்தான் ஊத்தியிருக்கான்,” என்றார் பெர்னாட்.

“செல்லன்கிட்ட லோரிக் கொட்டகையில நிஜமான பிரேக் எண்ணெயே டின் டின்னா இருக்கு. ஏமாத்தணும்னா அவன் அதை ஊத்தியிருப்பான். அது கிடைக்காத ஆள்தான் தேங்காய் எண்ணெயை எடுத்திருக்கணும். கடையில எண்ணெய் அளந்து குடுக்கிற காலம். வாரக் கடைசியில லயத்துல தாளிக்கவே சொட்டு இல்ல. மண்ணுல கொட்ற அளவுக்கு யார்கிட்ட இருந்துச்சு?”

மாடில்டா பெர்னாட்டின் தலையைப் பார்த்தாள். பிறகு எல்லாரும் பார்த்தார்கள்.

“ஒரு நாளும் எண்ணெய் வைக்காம வாசல்படி இறங்காத மனுஷன்,” என்றாள் அவள், மெதுவாக.

பெர்னாட்டின் கை தலைக்குப் போய்ப் பாதியில் நின்றது. “ஒரு தடவையாவது என் காரில் ஏறினாளா?” என்றார்.

“அதுக்கு ஒரு மனுஷனை நாடு கடத்துவீங்களா?” என்றாள் இசபெல்.

“புகாரை விட்டுடுறீங்களா, கிராணி? இல்ல, போலீஸ் சார்ஜனைக் கூப்பிட்டு இந்த எறும்புகளைக் காட்டட்டுமா?” என்று அந்தோணிதாஸ் கேட்டார். புகார் போகவில்லை.

செல்லனும் இசபெலும் அந்த வருஷமே பதிவுத் திருமணம் செய்துகொண்டு செகிஞ்சானுக்குக் குடிபோனார்கள். அவனுக்கு அங்கே நெல் லோரி ஓட்டும் வேலை. சாதி வேறு, கும்பிடும் கோயில் வேறு என்று முகத்தைத் தூக்கிவைத்திருந்த மாடில்டா, கல்யாணத்தன்று லோரியில் முன்சீட்டு தருவதாகச் சொன்னதும் இறங்கி வந்தாள். பெர்னாட் சுங்கை ஆயர் தாவார் பக்கம் மாற்றல் வாங்கிப் போய், மவுரீன் என்ற ஆஸ்பத்திரித் தாதியைக் கட்டினார். அவளுடைய பொறாமைக்கு முன்னால் அவருடையது கைக்குழந்தை என்று கேள்வி. ஆபீசுக்குப் போவதானாலும் மவுரீன் பக்கத்தில் உட்காராமல் அந்தக் கார் நகராதாம்.