கெடு வைக்காத பூட்டு

காஸ்பார் மச்சாதுவின் நாப்பூட்டுக் கடை வாசலில், 'இதுவரை ஒரு வாயும் திறந்ததில்லை' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. பக்கத்துக் கடை பல் மருத்துவருடையது என்பதால் வெளியூர்க்காரர்கள் அதைப் படித்துவிட்டுக் கொஞ்சம் பயந்துபோவார்கள். உள்ளூரில் யாருக்கும் குழப்பமில்லை. கடல் ஏறி வந்து பழைய ஊரை விழுங்கியபின் மேட்டில் எழுந்த புதுப்பாடு என்ற ஊரில், பெருமைப்பட்டுக்கொள்ள இரண்டே விஷயங்கள்தான் இருந்தன. ஒன்று மாதா கோவில் மணி. மற்றது காஸ்பாரின் பூட்டு. மணி அவ்வப்போது பழுதாகும்.

முன்பெல்லாம் ஒரு ரகசியத்தைக் காப்பாற்ற நல்ல குணம் தேவைப்பட்டது. நாப்பூட்டு வந்தபிறகு அரை மணி நேரம் போதும். தலையில் பூட்டுக்கிரீடத்தை மாட்டிக்கொண்டு, வெளியே சொல்லக்கூடாத விஷயத்தை மூன்று முறை மனசுக்குள் நினைக்க வேண்டும். நினைப்பிலிருந்து நாக்குக்கும் விரல்களுக்கும் போகிற பாதையைக் கருவி கண்டுபிடித்து அடைத்துவிடும். நினைப்பு அப்படியே இருக்கும். வெளியே மட்டும் வராது. பூட்டுகிறவருக்கும் அது என்ன ரகசியம் என்று தெரியாது. தொழிலின் மானமே அதில்தான் இருந்தது.

கருவியில் கெடுமுள் என்று ஒரு முள் உண்டு. மற்ற கடைக்காரர்கள் ஒரு வருஷம், ஐந்து வருஷம் என்று வைப்பார்கள். கெடு கூடக் கூட, கருவி சுற்றுச் சந்துகளையும் சேர்த்து அடைத்துக்கொண்டே போகும். சம்பந்தப்பட்ட ஆளின் பெயர், பட்டப்பெயர், அப்பா பெயர் எல்லாம் வாயில் வராமல் போகும். காஸ்பார் முள்ளைக் கடைசிக் கோட்டில்தான் வைப்பார். அந்தக் கோட்டில் எண் கிடையாது. ஒருமுறை பூட்டினால் பூட்டியதுதான். அவராலும் திறக்க முடியாது. "கெடு வச்சுப் பூட்டுததுக்குப் பேர் பூட்டா? அது கதவச் சாத்தி வைக்குதது" என்பார்.

இந்தப் பெருமை ஒருநாள் கோவில் வரை போய்விட்டது. நற்செய்தியில் ஆண்டவர் ஒரு தொழுநோயாளியைக் குணமாக்கி, யாரிடமும் சொல்லாதே என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்புகிற இடம் வாசிக்கப்பட்டது. அவன் வெளியே போன கையோடு ஊரெல்லாம் சொன்னான். பேய்கள் அவர் யாரென்று கத்தின, அவற்றையும் அதட்ட வேண்டியிருந்தது. சீடர்களிடமும் வாயை மூடச் சொன்னார். பூசை முடிந்ததும் காஸ்பார் உபதேசியாரைப் பிடித்துக்கொண்டு, ஆண்டவருக்கு வாய்த்த ஆட்கள் சரியில்லை, நம்ம கிரீடம் ஒன்று அன்றைக்கு இருந்திருந்தால் கதையே வேறு என்றார். உபதேசியார் சிலுவை போட்டுக்கொண்டு நகர்ந்தார். ஆண்டவருக்கே கிடைக்காத ஒரு வசதி நம் கடையில் கிடைக்கிறது என்ற நினைப்பில் காஸ்பார் அன்று மத்தியானம் ஒரு மீன் துண்டு கூடுதலாகச் சாப்பிட்டார்.

ஆறு வருஷமாக அவர் கடைக்கு ஒரு புதுவிதமான கூட்டம் வந்துகொண்டிருந்தது. வழக்கமாகப் பூட்ட வருகிறவர்கள் திருட்டு முழியோடு வருவார்கள். இவர்கள் சிரித்துக்கொண்டு வந்தார்கள். கூன் விழுந்திருந்த லாசர் ரொட்ரிகோ நிமிர்ந்து நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பேச்சே வராத பையன் என்று பெயரெடுத்தவன் வந்து, "எனக்கு ஒரு பூட்டு" என்று கேட்டான். யாரோ இவர்களிடம், யாருக்கும் சொல்லாதீர்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். தொழுநோயாளியைப் போல நாங்கள் கெட்டுப்போகமாட்டோம் என்று நிரூபிக்க ஒவ்வொருவராகக் கிரீடத்துக்குத் தலை கொடுத்தார்கள். நானூற்றுச் சொச்சம் பேர், கிட்டத்தட்ட ஊர் முழுவதும். காஸ்பார் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ராத்திரி படுக்கையில் யோசித்தது உண்டு, அது வேறு.

அப்புறம்தான் நாப்பூட்டு வாரியத்திலிருந்து ஆய்வாளர் நப்பின்னை வந்தார். கொழும்பிலிருந்தும் மதுரையிலிருந்தும் நோயாளிகள் கூட்டமாகப் புதுப்பாட்டுக்கு வருவதாகவும், நேரே கடற்பாசிக் களத்துக்கே போய் நிற்பதாகவும், ஆகவே இந்தக் கடையின் பூட்டு எங்கோ கசிகிறது என்றும் புகார். கசிவு உறுதியானால் உரிமம் போகும். போட்ட அத்தனை பூட்டும் செல்லாதவை என்று அறிவிப்பார்கள். காஸ்பாருக்குப் பிள்ளை குட்டி கிடையாது. அந்தப் பலகையில் எழுதியிருந்த ஒரு வரிதான் இருந்தது.

நப்பின்னை பூட்டிக்கொண்டவர்களில் நாற்பது பேரை வரவழைத்து, உங்களைக் குணமாக்கியது யார் என்று கேட்டார். நாற்பது பேரும் வாயைத் திறந்து, காற்றை விட்டு, மூடினார்கள். கசிவுமானியின் ஊசி அசையவில்லை. காஸ்பார் மீசையைத் தடவிக்கொண்டார்.

மறுநாள் காலை களத்துக்குப் போனார்கள். உப்புக்காற்றில் வருகைக் கருவிகள் எல்லாம் துருப்பிடித்துப்போனதால், அங்கே இன்னும் வாயால்தான் பெயர் கூப்பிடுவது வழக்கம். மேற்பார்வையாளர் லாசர் பட்டியலை எடுத்தார். சூசையம்மாள், சலேத்து, பிலோமி என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெண், "இருக்கேன்" என்றாள். லாசர் அடுத்த பெயருக்குப் போனார். பக்கத்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தினமும் நடப்பதுதான் போலிருக்கிறது.

நப்பின்னையின் கண் ஊசி மேலேயே இருந்தது. ஊசி சத்தத்தை மட்டும்தான் அளக்கும்.

அந்தப் பெண்ணைக் காஸ்பாருக்குத் தெரியும். பாசி உலர்த்துகிற தெக்லா. வள்ளம் ஓட்டிய பெலிக்ஸின் மகள். யோசித்துப் பார்த்தால், அந்தப் பெயரை யார் வாயிலிருந்தும் அவர் கேட்டு வருஷக்கணக்காகிறது. வெளியூர்க்காரர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதும் அப்போதுதான் புரிந்தது. யார் பெயரைக் கேட்டாலும் சொல்கிற ஊர், ஒரே ஒருத்தி பெயரை மட்டும் சொல்லத் திணறினால் எந்த முட்டாளுக்கும் தெரிந்துவிடும். பூட்டு ஒன்றும் கசியவில்லை. நானூறு பூட்டும் சேர்ந்து அவளைச் சுற்றி ஓர் ஓட்டை போட்டிருந்தன. அந்த ஓட்டை அவள் வடிவத்தில் இருந்தது.

கிளம்பும்போது நப்பின்னை, நாளை காலை பத்து மணிக்குக் கடைசிக் கேள்வி என்றார். பூட்டுக்காரருக்கு எவர் பெயராவது தெரியவந்ததா, வந்திருந்தால் யார்? பொய் சொன்னால் குரல் மாறுவதை வைத்தே ஊசி காட்டிக்கொடுத்துவிடும். பெயரைச் சொன்னால் அது வாரியத்தின் அறிக்கையில் அச்சாகும்.

காஸ்பார் சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு, வாடிக்கையாளர் நாற்காலியில் முதல்முறையாகத் தாமே உட்கார்ந்தார். கிரீடம் தலைக்குக் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. இத்தனை பேர் இதைப் பற்றிப் புகார் சொல்லாதது ஏன் என்று யோசித்தார். பாவம், சொல்லியிருக்க முடியாது. முள்ளைக் கடைசிக் கோட்டுக்குத் திருப்பினார். அந்தத் தொழுநோயாளி செய்யாததை, சீடர்களே திணறியதை, புதுப்பாட்டுக் காஸ்பார் செய்யப்போகிறான் என்று நினைத்தபோது கண் கலங்கியது. மூன்று முறை அவளை நினைத்தார்.

காலையில் நப்பின்னை கேள்வியைக் கேட்டார். தெரியும் என்றார் காஸ்பார். யார் என்றதும் வாய் திறந்தது, காற்று வந்தது, மூடிக்கொண்டது. நப்பின்னை ஊசியைப் பார்த்தார், கிரீடத்தைப் பார்த்தார், அவருடைய நெற்றியில் பதிந்திருந்த சிவப்புக் கோட்டைப் பார்த்தார்.

"இருபது வருஷ சர்வீஸ்ல, தன் பூட்டைத் தானே மாட்டிக்கிட்ட பூட்டுக்காரரை இப்பத்தான் சார் பாக்கேன்."

'பழுதற்ற பூட்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். காஸ்பார் அந்தச் சான்றிதழைப் பலகைக்குக் கீழே மாட்டி, தெருவுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தார். லேசாகச் சாய்ந்திருந்தது. வந்து சரிசெய்துவிட்டு மறுபடி போய்ப் பார்த்தார்.

மத்தியானம் அவள் வந்தாள். பாசி வாசனையோடு, முழங்கால் வரை ஈரத்தோடு வந்து, கேட்காமலே நாற்காலியில் உட்கார்ந்தாள். காஸ்பார் எழுந்து நின்றுவிட்டார். வாயெல்லாம் சிரிப்பு. நான் செய்ததைக் கேள்விப்பட்டு நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்தார்.

"உக்காருங்க அண்ணாச்சி. நீங்களும் எந்திரிச்சு நிக்காதிய. ஊரே என்னைக் கண்டா எந்திரிச்சு நிக்கி. மீன்காரிகூட எங்கூட விலை பேசிச் சண்டை போட மாட்டேங்கா."

காஸ்பார் உட்கார்ந்தார்.

இந்தக் குணமாக்குகிற சக்தி தன் கையிலிருந்து வருகிறதா, கடலிலிருந்து வருகிறதா என்று தனக்கே தெரியாது என்றாள். தெரிந்துகொண்டு வருகிறவர்கள் கையை மட்டும்தான் பார்க்கிறார்கள், முகத்தைப் பார்ப்பதில்லை. அதனால்தான் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாளாம்.

"சொல்லாதியன்னுதான் சொன்னேன். பூட்டிக்கிடுங்கன்னா சொன்னேன்? என்னைய ஆண்டவரோட சேத்துப் பேசல, அது பாவம். ஆனா அவரே மலையிலேருந்து எறங்கும்போது ஒரு கெடு வச்சாரே அண்ணாச்சி. உயிர்த்தெழுதவரைக்கும் சொல்லாதியன்னு. அவரு பேரு ஒருநாள் வெளிய வரணும்னு அவருக்கே இருந்துச்சு. நீங்க எனக்கு அந்த ஒருநாளக்கூட வைக்கலியே."

அந்த வரியையும் காஸ்பார் கோவிலில் பலமுறை கேட்டிருந்தார். கெடு என்ற இடம் வந்ததும் மற்ற கடைக்காரர்களின் நினைப்பு வந்து, அலட்சியமாகக் காதைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

பெற்ற அம்மை செத்துப்போய் நாலு வருஷம் ஆகிறது என்றாள் அவள். அதற்குப் பிறகு யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. கூட வேலை செய்கிறவர்கள் தோளைத் தொட்டுக் கூப்பிடுகிறார்கள். பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சாமியார்கூட "மகளே" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். அவருக்கும் ஒருகாலத்தில் முட்டுவலி இருந்ததாம். சில நாள் பாசியைப் புரட்டிப் போடும்போது, தன் பெயரைத் தானே சொல்லிப் பார்த்துக்கொள்கிறாளாம். அது வேறு யாருடையதோ மாதிரி இருக்கிறது.

"நேத்து களத்துல உங்களப் பாத்தப்பத்தான் நெனச்சேன். இந்த ஊர்லயே பூட்டாத வாய் உங்க வாய் ஒண்ணுதான். பூட்டுதவருக்கு யாரு பூட்டுவா?" முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராகப் பார்த்தாள். "எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம் அண்ணாச்சி. ஒருக்கா என் பேரச் சொல்லிக் கூப்பிடுங்க. திட்டியாவது கூப்பிடுங்க."

காஸ்பார் வாயைத் திறந்தார்.

காற்று வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி முயன்றார். பெயர் நெஞ்சுக்குள் பளிச்சென்று நின்றது, மூன்றே எழுத்து. இன்னாருடைய மகள் என்று சுற்றிக்கொண்டு போகலாமா என்று பார்த்தார். அங்கேயும் அடைத்திருந்தது. சிறுவயதில் பிள்ளைகள் அவளைக் கேலி செய்யக் கூப்பிட்ட பட்டப்பெயர் ஞாபகம் வந்தது; அதுவும் உதடுவரை வந்து நின்றுவிட்டது. எழுதிக் காட்டலாம் என்று பேனாவை எடுத்தார். விரல் மரத்துப்போனது. அவர் நெற்றியில் இன்னும் மறையாமல் இருந்த சிவப்புக் கோட்டை அவள் அப்போதுதான் பார்த்தாள். ஆனாலும் எழுந்து போகவில்லை. அவர் உதட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒரு சந்து பாக்கியில்லாமல், ஒரு விரிசல் விடாமல், காலத்துக்கும் நிற்கும்படி செய்த வேலை. வேறு யாராவது செய்திருந்தால் காஸ்பார் எழுந்து நின்று கைதட்டியிருப்பார்.