ஞானத்தாய்க்குப் பக்கத்து இடம்

"ஹலோ... யாராவது இருக்கீங்களா? செத்த பிறகுதான் திறப்பீங்களா?"

இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றுபோன லிஃப்டுக்குள்ளிருந்து அவள் கத்திய கத்தலில் கட்டிடமே அதிர்ந்தது. கதவு மெல்ல விலகியது. கிரீஸ் அப்பிய இரண்டு கைகள்... அதற்கு மேலே இரண்டு கண்கள்.

கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க அடுத்தவர் கண்களைச் சோதிப்பதுதான் அவள் வேலை. ஆனால் இப்படித் திருப்பி அவளைச் சோதித்த கண்களை அன்றுதான் பார்த்தாள்.

"கத்துறதை நிறுத்தினா கையைக் கொடுக்கலாம்."

"பத்து நிமிஷமா உள்ள கிடக்கேன்... நக்கலா?"

"பத்து இல்லீங்க, நாலு. நான் லிஃப்ட் மெக்கானிக். நேரம் பார்த்துட்டுதான் கை வெச்சேன்."

நன்றிகூடச் சொல்லாமல் ஓடினாள். தங்கை பிள்ளைக்கு அடுத்த மாதம் ஞானஸ்நானம். ஞானப்பெற்றோராக நிற்பவர்கள் மூன்று ஞாயிறு வகுப்புக்கு வரவேண்டும் என்பது கோயில் கண்டிப்பு. அன்று அதே கட்டிடத்தின் மூன்றாவது மாடியில் முதல் வகுப்பு. ஞானத்தாய் அவள்தான். ஞானத்தகப்பன் தங்கை கணவரின் நண்பனாம். கையைத் துடைத்தபடி பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தான் அவன்... அதே ஆள்!

முதல் ஞாயிறு முறைப்பு. இரண்டாம் ஞாயிறு சிரிப்பு. மூன்றாம் ஞாயிறு வெளியே மழை பிடித்துக்கொள்ள, விட்டுவிடக் கூடாதே என்று அவள் மனசு வேண்டியது. அதற்கப்புறம் வேலை ஓடுமா? கிட்டப் பார்வைக்காரருக்கு எட்டப் பார்வைக் கண்ணாடியை மாட்டிவிட்டுத் திட்டு வாங்கினாள்.

ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் தங்கை வீட்டில், அவனும் இருக்கும்போதே அம்மா குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"ஒரே பிள்ளைக்கு ஞானத்தாய், ஞானத்தகப்பனா நின்னவங்க அண்ணன் தங்கச்சி மாதிரி. நம்ம குடும்பத்துல அப்படி நின்னவங்க கட்டிக்கிட்டதே கிடையாது."

"சரிங்கம்மா" என்றான் அவன். அவ்வளவுதான்!

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மறுப்பு... ஒரு பார்வை... ஒன்றுமே இல்லையா? ஓடிப்போய் ஃபாதரிடம் கேட்டாள்.

"சபைச் சட்டத்துல அப்படி எதுவும் இல்லம்மா. ஆனா உங்க அம்மாகிட்ட அதை யாரு சொல்றது?"

இரவெல்லாம் புரண்டாள். நிற்க மாட்டேன் என்றால் தங்கை முகம் வாடிவிடும். நின்றால் அவன் ஆயுசுக்கும் அண்ணன். போயும் போயும் 'சரிங்கம்மா' என்றவனுக்காகவா தங்கையை நோகடிப்பது? நிற்பதென்று முடிவு செய்தாள்.

மறுநாள் ஃபாதர், "ஞானப்பெற்றோர் முன்னால வாங்க" என்றார். அவள் போனாள். அவன் கடைசி பெஞ்சில் இருந்து அசையவில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தங்கை கணவருக்கு முகம் சிவந்தது.

"ஒருத்தர் இருந்தாலே போதும்" என்று ஃபாதர்தான் சமாளித்தார். தலையில் தண்ணீர் விழ, பிள்ளை வீரிட்டது. அவளுக்கும் அழுகை முட்டியது.

முடிந்ததும் பிள்ளையோடு நேராக வாசலுக்குப் போனாள். அவன் மழைக்கு ஒதுங்கி நின்றிருந்தான்.

"இந்தப் பிஞ்சுக்காக அஞ்சு நிமிஷம் நிக்க முடியலையா? அவ்ளோ பாரமா?"

"நின்னிருந்தா உங்க அம்மா கணக்குல நான் உங்களுக்கு அண்ணன். நேத்து சரின்னு சொன்னதே... நிக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணித்தான்."

அவள் பிள்ளையைத் தோளில் மாற்றிக்கொண்டாள்.

"முன்னாடியே சொல்றதுக்கு என்ன?"

"பயம். லிஃப்டுல கத்தினதைக் கேட்டவன் நான். எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு... முதல் நாள்லேர்ந்தே."

"அப்போ... இவனுக்கு நீங்க யாரு? யாருமே இல்லையா?"

"அது இவன் அம்மாவோட அக்கா கையிலதான் இருக்கு. அவங்க மனசு வெச்சா... பெரியப்பா."

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "போட்டோ எடுக்கணும், பிள்ளை எங்கடி?"

அவள் மெல்லப் பிள்ளையை அவன் கைக்கு மாற்றினாள்.

"தலையைத் தாங்கிப் பிடிங்க..."

பிறகு திரும்பி, உள்ளே இருக்கும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"பெரியப்பாகிட்ட இருக்கான்ம்மா!"