நாலுகால் மண்டபத்து மைல்கல்

"நாலுகால் மண்டபத்து மைல்கல்லை எங்க வீட்டுக்காரரு பேத்து வேற எடத்துல நட்டுட்டாராம். சாயங்காலம் போலீசுல ஒப்படைக்கறேங்கறாரு ஓவர்சீயரு, சாமி."

முனிலட்சுமி வாசலிலேயே நின்று சொன்னாள். அவள் கணவன் கரியப்பன் பெங்களூர் ரோட்டில் கூலி. மைல்கற்களுக்குச் சுண்ணாம்பு அடிப்பவன். ஓய்வு பெற்ற சர்வேயர் திம்மராயன் செருப்பை மாட்டிக்கொண்டார். முனிலட்சுமி முன்னால் நடக்க, பக்கத்து வீட்டுத் தபால் குமாஸ்தா வெங்கடப்பன் அழைக்காமலேயே கூட நடந்தார்.

1955, ஆவணி மாதம். ஓசூரிலிருந்து ஜூஜுவாடிக்குப் போகும் அந்த நெடுஞ்சாலையில் புளியமர நிழல் விட்டுவிட்டு விழுந்தது. மண்டபத்தில், கும்பகோணத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்திருந்த ஓவர்சீயர் பழைய வரைபடத்துடன் காத்திருந்தார். சற்றுத் தள்ளி கரியப்பன் சுண்ணாம்பு வாளியோடு தரையில் உட்கார்ந்திருந்தான்.

"பாருங்க சார். மண்டபத்துப் படியிலேருந்து மைல்கல் எண்பது அடி. நல்ல தமிழ்லதான் எழுதியிருக்கு. அளந்தா நாற்பதுதான். தூண் எட்டுன்னு போட்டிருக்கு, நிக்கிறது நாலு. ரோடு அகலமாகப் போறது, இந்தக் கல்லை வச்சுத்தான் அளப்போம்; எவனோ கடைக்காரனோட கடை தப்பணும்னு இவன் நகர்த்தியிருக்கான்."

"தூணையெல்லாம் இடுப்புல சொருகிக்கிட்டுப் போயிட்டானாக்கும்?" என்றார் வெங்கடப்பன்.

திம்மராயன் தாளை வாங்கினார். அதில் எண்கள் இரண்டே. இரண்டிலும் எட்டின் தலை மூடாமல் வாய் திறந்திருந்தது. பிறகு மைல்கல்லின் அடியில் குனிந்தார். அங்கே பழைய எறும்புப் புற்று ஒன்று கல்லோடு இறுகிக் கிடந்தது.

"ஏம்மா முனிலட்சுமி, படியிலிருந்து கல்லு வரைக்கும் நடந்து எண்ணு."

"ஒந்து, எரடு, மூரு, நாக்கு..."

வெங்கடப்பன் சிரித்தார். "பேசறது தமிழு, எண்றது கன்னடமா?"

"எங்கம்மா அப்படித்தாங்க எண்ணக் கத்துக்குடுத்தாங்க."

திம்மராயன் தாளை மறுபடி விரித்துப் பார்த்தார். ஒரு மாட்டுவண்டி கடந்து போயிற்று. அதன் சத்தமும் அடங்கிற்று.

"இதை எழுதினவரும் இந்தம்மா மாதிரிதான். சொல்லு தமிழ், எண்ணு கன்னடம்." குச்சியால் மண்ணில், தலை திறந்த எட்டு ஒன்றைக் கீறினார். "இது கன்னட நாலு."

"யூகம்தானே சார்?"

"நாலு தூணைப் பிடுங்கியிருந்தா குழியாவது இருக்கணும். தரைக்கல்லு ஒண்ணுகூட அசையலே. ஊரே நாலுகால் மண்டபம்னுதான் சொல்லுது. உங்க எட்டு அங்கே நாலுன்னா, எண்பதும் நாற்பதுதான். கல்லு நின்ன இடத்துலயே நிக்குது. பேத்து நட்டிருந்தா இந்தப் புத்து உடைஞ்சிருக்கும்."

ஓவர்சீயர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "போலீசெல்லாம் வேண்டாம். போப்பா, வேலையைப் பாரு" என்று சொல்லிவிட்டு, பென்சிலை எடுத்துத் தாளின் மேல் குனிந்தார்.

"அதைத் திருத்தாதீங்க," என்றார் திம்மராயன். "அவர் சரியாத்தான் எழுதியிருக்காரு."

கரியப்பன் எழுந்து வாளியைத் தூக்கினான். அடுத்த கல் ஒரு மைல் தள்ளி இருந்தது.