நனையாத உர மூட்டைகள்

மதுசூதனன் தேத்தண்ணி வேண்டாமென்றார். வயிற்றுப்புண்ணால் ஆறு மாதமாகத் தொடுவதில்லையாம். பெரியதம்பி கோப்பையைத் தன் மேசைக்கே திருப்பிக்கொண்டு போய்க் காதைத் தீட்டிக்கொண்டார்.

ஹட்டனில் சட்டத்தரணி ஹம்சினியிடம் பெரியதம்பி பதினோரு வருடமாக எழுத்தர். துப்பாக்கி விவகாரம் வருவது இதுவே முதல் தடவை. பிஸ்டல் அனுமதிக்கான விண்ணப்பம் ஒன்று அவருடைய மேசை லாச்சியிலும் இருந்தது. அது ஹம்சினிக்குத் தெரியாது.

மதுசூதனனுக்குத் தலவாக்கலையில் உரக்கடை. பக்கத்தில் இரண்டு கடைகள் உடைக்கப்பட்ட பிறகு, அலைந்து திரிந்து பிஸ்டலுக்கு அனுமதி வாங்கி மூன்று மாதம் ஆகிறது. போன செவ்வாய் விடிகாலை, மழை இறங்கும் நேரம், கடையின் பின்பக்கம் மூடுபனிக்குள் ஓர் ஆள் குனிந்து நிற்பதைக் கண்டார். குறிபார்த்து இரண்டு தரம் விசையை அழுத்தினார். வெடிக்கவில்லை. ஆள் ஓடிவிட்டான். களவு எதுவும் போகவில்லை. முதல் நாள் மாலை லொறியிலிருந்து இறக்கிப் பின்பக்கத்தில் மூடாமல் விட்டிருந்த உர மூட்டைகள்கூட, நல்லவேளையாக, தார்ப்பாய்க்கடியில் நனையாமல் கிடந்தனவாம்.

துப்பாக்கி திருத்துபவர் எழுதிய துண்டுச் சீட்டை மதுசூதனன் நீட்டினார். ‘உள்ளேயும், பிடியின் திருகுகளுக்கு அடியிலும் எண்ணெயில் குழைந்த கருந்தூள். சுடும் ஊசி நகரவில்லை. வேறு பழுதில்லை.’

“செல்லசாமிதான் மிஸ். பத்தொம்பது வருஷமா கடையில நிக்கிறான். அலுமாரிச் சாவி இருக்கிற எடம் அவனுக்கு மட்டுந்தான் தெரியும். மண்ணப் போட்டுக் கெடுத்துட்டு, களவுக்கு ஆள அனுப்பியிருக்கான். இன்னைக்கே பொலிசுல குடுக்கணும். எழுதித் தாங்க.”

“எழுதலாம். ஒரு ஆளு உள்ள போற விஷயம். கடையப் பாக்காம எழுத மாட்டேன்” என்றார் ஹம்சினி.

தலவாக்கலைக்குப் போகும் வழியெல்லாம் பெரியதம்பி எந்த நாட்டுப் பிஸ்டல் நம்பகமானது, எது சிக்கிக்கொள்ளும் என்று தான் படித்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தார்.

“பிஸ்டல் நல்லதுன்னு திருத்துறவரே எழுதிட்டாரே அண்ணே” என்றார் ஹம்சினி. “இனி வச்சிருந்த ஆளப் பத்தித்தான் கேக்கணும்.”

இரும்பலுமாரி கடையின் மாடியில் இருந்தது. பிஸ்டலின் தோல் உறையிலும் அனுமதிப்பத்திரத்தின் அட்டையிலும் பூஞ்சணம் வெள்ளையாகப் படர்ந்திருந்தது. கீழே கடையறையில், கல்லாவுக்குப் பின்னால், ஒரு பெரிய தேயிலைத்தூள் டின். ஹம்சினி மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டுப் பெரியதம்பியிடம் நீட்டினார். தூளுக்கு மேலாகத் தையல் மெஷின் எண்ணெய் வாடை அடித்தது.

செல்லசாமியைக் கூப்பிட்டனுப்பினார். அவர் வந்து கதவோரமாக நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“நீங்கதான் தேத்தண்ணி குடிக்கிறதில்லையே” என்றார் ஹம்சினி, மதுசூதனனைப் பார்த்து. “இது யாருக்கு?”

மதுசூதனன் டின்னை மூடப் போக, ஹம்சினி தடுத்தார்.

“கெடுக்க நெனைக்கிறவன் குழலுக்குள்ள கொஞ்சம் போட்டாப் போதும். திருகுக்கடியில எல்லாம் தூள் ஏறணும்னா, துப்பாக்கி நாள்கணக்கா தூளுக்குள்ளேயே கெடந்திருக்கணும். இந்த ஈரத்துல அலுமாரிக்குள்ள எல்லாம் பூஞ்சணம் பூத்துப்போவுது. நனைஞ்ச ஃபோனக்கூட நம்ம ஆளுங்க தூள் டின்லதானே போடுறாங்க. நீங்களும் துரு புடிக்கக் கூடாதுன்னு எண்ணெய ஊத்தி, இதுல பொதைச்சு வச்சிருக்கீங்க. அலுமாரியில பூட்டி வைக்கணும்ங்கிறது உங்க பத்திரத்துல இருக்கிற நிபந்தனை. உண்மையச் சொன்னா அனுமதி போயிரும். அதனால செல்லசாமி தலையில போட்டீங்க.”

“கெடுக்கணும்னு செய்யல மிஸ்” என்றார் மதுசூதனன். “ஆனா அந்தக் கள்ளன் நெசம்.”

“வந்தான்னு வச்சா, அப்ப அந்தத் தார்ப்பாயப் போட்டது யாரு? மூடாமக் கெடந்ததுன்னு சொன்னது நீங்க. அந்த நேரத்துல பின்பக்கம் குனிஞ்சு நின்னது ஒரே ஆளு. எந்தக் கள்ளன் மூட்டை நனையுதேன்னு மூடிட்டுப் போவான்?”

பெரியதம்பி மெதுவாகக் கதவுப் பக்கம் திரும்பினார்.

“மழை வர்ற மாதிரி இருந்துச்சுங்க” என்றார் செல்லசாமி. “லயத்து வீட்டுல படுத்திருந்தவனுக்கு மூட்டை ஞாபகம் வந்துருச்சு. ஓடியாந்து போத்தி முடிக்கல, பின்னால ரெண்டு தரம் டிக்னு கேட்டுச்சு. திரும்பிப் பாத்தா முதலாளி.”

“ஏன்டா சொல்லல?” மதுசூதனனின் குரல் இறங்கிப் போயிருந்தது.

“விடிஞ்சதும் கள்ளன் கள்ளன்னு ஊரையே கூட்டிட்டீங்க. அது நான்தான்னு எப்படிங்க சொல்லுவேன்?”

பெரியதம்பிக்குத் தன் லாச்சியில் இருந்த விண்ணப்பம் ஞாபகம் வந்தது. அதில் கேட்கப்பட்டிருந்த கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் அவர் சுளுவாகப் பதில் எழுதியிருந்தார்.

ஹம்சினி ஒரு வெள்ளைத்தாளை மேசைமேல் வைத்தார். பிஸ்டலை ஒப்படைப்பதாகவும் நடந்ததை நடந்தபடியும் எழுத வேண்டும், தன் கைப்படவே எழுத வேண்டும் என்றார். அனுமதி போகுமே என்று மதுசூதனன் இழுத்தார். போகும் என்றார் ஹம்சினி.

மதுசூதனன் பேனாவை எடுத்துத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “எப்படி ஆரம்பிக்கிறது?”

“‘நான் சுட்டேன்’னு ஆரம்பிங்க.”

“வெடிக்கலியே மிஸ்.”

“நீங்க சுட்டீங்க.”

தகரத்தின்மேல் மழை விழத் தொடங்கியது. செல்லசாமி பழக்கதோஷத்தில் பின்வாசலுக்கு விரைந்து, தாழை நீக்கிவிட்டு, படியிலேயே நின்று திரும்பிப் பார்த்தார்.

முதலாளியின் கையில் பேனாதான் இருந்தது. அதைப் பார்த்த பிறகே அவர் மழைக்குள் இறங்கினார்.