மையவாடி வளைவில் நின்ற கார்

முர்ஷித்தின் கார் முதல் தடவை என் கராஜுக்கு வந்தபோது ஒரு டிரக்டர்தான் அதைக் கயிறு கட்டி இழுத்து வந்தது. வயதான ஜப்பான் கார். எத்தனை கை மாறியதென்று யாருக்கும் தெரியாது. ஓடின தூரத்தைக் காட்டும் மீட்டர்கூட எப்போதோ களைத்து நின்றுவிட்டது. முர்ஷித் கல்முனைப் பொடியன். ஒலுவிலில் பெண்ணெடுத்து, துறைமுகத்துப் பக்கம் பெண்வீட்டோடு இருந்தான்.

"காக்கா, ஓடிக்கிட்டிருக்கக்குள்ளயே நிண்டு போகுது. மறுகா ஸ்டார்ட் பண்ணினா எடுக்குதில்ல."

"எங்க நிண்ட?"

"மையவாடி வளைவுல. எப்பவும் அதுலதான். பொழுது படக்குள்ள, மஃரிபுக்குக் கிட்டத்தான்." ஊரில் இறந்தவர்களை அடக்குகிற இடம் அது; குரலைத் தாழ்த்தினான். "ஏதும் ஓதிப் பார்க்க வேணுமோ தெரியா."

எனக்குச் சிரிப்பு வந்தது. என்னிடம் வரும் வாகனங்களில் பாதிக்குச் சைத்தான் பிடித்திருப்பதாகத்தான் சொந்தக்காரர்கள் சொல்வார்கள். கழற்றிப் பார்த்தால் சைத்தான் அழுக்கேறிய பில்டராக இருக்கும். ஓதுகிறதைப் பள்ளி லெப்பையிடம் விட்டுவிட்டுப் பொனட்டைத் திற என்றேன்.

கார் கராஜில் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆனது. பழைய என்ஜின் சூட்டில் நின்று, ஆறினால் எடுக்கிறது என்றால், நான் முதலில் பார்ப்பது ஒரு சின்ன சென்சரைத்தான். என்ஜின் சுற்றுகிறதா என்று பார்த்துச் சொல்கிற வேலை அதனுடையது. பழசானால் சூட்டில் செத்துவிடும், குளிர்ந்தால் உயிர் வரும். அதை மாற்றினேன். பெற்றோல் பம்பையும் பார்த்தேன். அந்த வளைவால் நானே பகலில் பலதரம் ஓட்டிப் போய் வந்தேன். ஒரு இருமல்கூட இல்லை.

"இனி நிக்காது" என்றேன். எனக்கு என் வேலையில் நம்பிக்கை அதிகம்.

முர்ஷித்தின் முகம் தெளியவில்லை. "என்ட பொஞ்சாதி ஆகிலாவுக்கு நிறை மாசம் காக்கா. மாமியும் உம்றாவுக்கு மக்கா போயிட்டா. முதல் பிள்ளையும் வயித்துக்குள்ளயே மவுத்தாப் போனது. இந்த முறை நேரத்துக்குக் கொண்டு போகணும் எண்டுதான் இந்தக் காரையே வாங்கின."

அப்போது அவன் கண் கலங்கியிருந்தது. நான் தோளில் தட்டி அனுப்பினேன்.

அடுத்த வாரம், அடை மழை. மஃரிபுக்குக் கொஞ்சம் முந்தி, கராஜைப் பூட்டும்போது அவனிடமிருந்து கோல் வந்தது.

"காக்கா, நிண்டு போச்சு. அதே வளைவு. ஆகிலாவுக்கு நோவு வந்துட்டு. அம்புலன்ஸ் வேற ஊருக்குப் போயிருக்காம்."

"பயப்படாத, இந்தா வாறன். சுல்பிகாவையும் கூட்டிக்கிட்டு வாறன். புள்ள பெத்த பொம்புள ஒராள் பக்கத்துல இருந்தா நல்லம்."

வீட்டுக்குப் போனால் கதவு பூட்டியிருந்தது. என் மனைவி சுல்பிகா காலையிலேயே மருதமுனைக்கு, அவளுக்கு மூத்த ராத்தா வீட்டுக்குப் போய்விட்டாள். என்னிடம் சொல்லித்தான் போனாள். அவசரத்தில் எனக்கு மறந்துவிட்டது. சாமான் பையை மட்டும் எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளை முடுக்கினேன்.

அந்த வளைவில் வீடுகள் இல்லை. ஒரு பக்கம் மையவாடிச் சுவர். சுவருக்கு மேலால் புதைகுழிகளின் மீசான் கற்கள் மழையில் கறுத்துத் தெரிந்தன. மறுபக்கம் தாழைப் பற்றை. அதற்கப்பால் கடல் இரைந்துகொண்டிருந்தது. கார் சுவரோரமாக நின்றது. ஓட்டோ தேடிச் சந்திவரை போன முர்ஷித், அப்போதுதான் வெறுங்கையோடு நனைந்து திரும்பி வந்தான்.

பின்சீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள். ஆகிலா இந்தப் பக்கக் கண்ணாடியில் தலையைச் சாய்த்திருந்தாள். அந்தப் பக்கம் கறுப்பு ஹபாயாவும் நிகாபுமாக இன்னொரு பெண். முர்ஷித்தின் ராத்தா கல்முனையிலிருந்து வந்திருக்கிறா போல என்று நினைத்துக்கொண்டு சலாம் சொன்னேன். பதில் இல்லை. அந்நிய ஆம்பிளைக்குக் குரல் கொடுக்காத பெண்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர். பிறர் வீட்டுப் பெண் இருக்கும் சீட்டை உற்றுப் பார்க்கிற வழக்கமும் எங்களுக்கு இல்லை. கண்ணைத் தாழ்த்திக்கொண்டு பொனட்டைத் திறந்தேன்.

முர்ஷித்தைச் சாவியைத் திருகச் சொன்னேன். ஸ்டார்டர் நன்றாகச் சுற்றியது. பற்றரியில் குறை இல்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். கறண்ட் நீலமாகப் பாய்ந்தது. குழாயைக் கழற்றினேன். பெற்றோல் என் கையில் பீச்சியது. பம்பின் ரிலேயைக் கழற்றி ஹோர்ன் ரிலேயை அதன் இடத்தில் போட்டேன். நான் புதிதாகப் போட்ட சென்சர் மீது ஈரத்துணியைச் சுற்றினேன்.

"இப்ப அடி."

சுற்றியது. எடுக்கவில்லை.

காற்று, பெற்றோல், கறண்ட். ஒரு என்ஜினுக்கு வேறு என்ன வேண்டும்? மூன்றும் இருந்தன. மூன்றும் இருந்தும் ஒரு என்ஜின் எடுக்காமல் நான் பார்த்ததில்லை. மழை பிடரியால் இறங்கி முதுகில் ஓடியது. உள்ளே ஆகிலா முனகினாள்.

டேங்கைப் பார்க்கப் பின்பக்கம் போனேன். கார் பின்னால் தாழ்ந்திருந்தது. நெல்மூட்டை அடுக்கின மாதிரித் தாழ்வு. மட்கார்ட் டயரில் முட்டப் பார்த்தது. இரண்டு பெண்களுக்கு இவ்வளவு பாரமா? ஸ்பிரிங் செத்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பின்கண்ணாடி இடைவெளியால் ஒரு வாசம் வந்தது. கற்பூரம். இறந்தவர்களைச் சுற்றும் கபன் துணியில் தூவுகிற கற்பூரம். நோவுக்கு ஏதோ தைலம் பூசியிருப்பார்கள் என்று அதையும் தள்ளிவிட்டேன்.

"தங்கச்சி, தாங்கேலுமா?"

"ஓம் காக்கா." ஆகிலாவின் குரல் மெலிந்திருந்தது. "இவ கையப் பிடிச்சா நோவு குறையுது. ஆனா கை சரியான குளிர்."

"மழைதானே" என்றேன்.

கண்ணாடிகள் எல்லாம் ஏற்றியிருந்தன. உள்ளே மழை படவில்லை.

முர்ஷித் சாவியைத் திருகித் திருகி அழத் தொடங்கினான். "யா அல்லாஹ், இதையும் எடுத்துப் போடாத." நான் ரோட்டுக்கு ஏறி இரண்டு பக்கமும் வண்டி வருகிறதா என்று பார்த்தேன்.

அந்த நேரம் துறைமுகத்துப் பக்கமிருந்து ஐஸ் மீன் லொறி ஒன்று வந்தது. இரண்டு பேரும் நடுரோட்டில் நின்று மறித்தோம். டிரைவர் நிலைமையைப் பார்த்ததும் முன்சீட்டை ஒதுக்கித் தந்தார். ஆகிலா அந்தப் பெண்ணின் தோளில் சாய்ந்து நடந்து ஏறினாள். அந்தப் பெண்ணும் ஏறினாள். டிரைவர் மரியாதைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார். முர்ஷித் பின்னால், மீன் பெட்டிகளுக்கு நடுவில் குந்தினான். லொறி போய்விட்டது.

நான் காரைப் பார்த்தேன். பின்பக்கம் நிமிர்ந்திருந்தது.

உள்ளே ஏறி, சும்மா சாவியைத் திருகினேன்.

ஒரே தரத்தில் எடுத்தது.

சந்தோஷப்பட வேண்டிய இடம். எனக்கு அது வரவில்லை; மோட்டார் சைக்கிளைச் சுவரோரம் விட்டுவிட்டு, லொறிக்குப் பின்னால் கல்முனை ஆஸ்பத்திரிக்குக் காரை ஓட்டினேன். வழி முழுக்க, ஒலுவிலிலிருந்து நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது என்று ஊர் ஊராக, அந்த என்ஜின் புது வண்டி மாதிரி ஓடியது. ஆஸ்பத்திரி வளவில் நிறுத்தியபோதும் நான் அதை அணைக்கவில்லை. இப்படியான வண்டியை அணைத்தால் மறுபடி எடுக்குமென்று எந்த மெக்கானிக்கும் நம்பமாட்டான். கேற்றடிக் காவல்காரர் முணுமுணுத்தார். ஓடட்டும் என்று விட்டுவிட்டு உள்ளே போனேன்.

பிரசவ அறைக் கதவடியில் முர்ஷித் நின்றான். மீன் நாற்றமும் ஈரமுமாக வந்து என்னைக் கட்டிக்கொண்டான்.

"உள்ளுக்குக் கொண்டு போயிட்டாங்க காக்கா. நேரத்துக்கு வந்துட்டமாம். ஒரு பொம்புள கூட நிக்கலாம் எண்டாங்க, மதினிதான் போயிருக்கா. அவ இல்லாட்டி இண்டைக்கு என்ன செய்திருப்பன்?"

"எந்த மதினி?"

"சுல்பிகா மதினிதான். நான் சந்திக்குப் போய்த் திரும்பி வாறத்துக்குள்ள, நீங்க கொண்டு வந்து இருத்தின."

நான் அவன் கையை விலக்கினேன்.

"சுல்பிகா மருதமுனையில, முர்ஷித்."

அவன் விளங்காமல் பார்த்தான்.

"அது உன்ட ராத்தா இல்லையா?" என்றேன்.

"எனக்கு ராத்தா இல்ல காக்கா."

இவ்வளவு நேரமும் எங்களோடு இருந்தவளின் கண்ணைக்கூட நாங்கள் இரண்டு பேரும் பார்த்திருக்கவில்லை. முர்ஷித் கதவைத் தட்டினான். பிறகு இரண்டு கையாலும் அடித்தான். ஆம்பிளைகள் உள்ளே வரேலாது, சத்தம் போடாதீங்கள் என்று உள்ளேயிருந்து ஒரு குரல் அதட்டியது. "அவவை வெளியே அனுப்புங்க" என்று அவன் கத்தினான். யாரை என்று சொல்ல எங்களிடம் ஒரு பெயர் இல்லை. அவன் மனைவியும் பிள்ளையும் ஒரு பலகைக் கதவுக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் நாங்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றோம்.

பிள்ளை அழுதது.

நல்ல பலமான அழுகை. முர்ஷித் அப்படியே சுவரோடு சரிந்து இருந்துவிட்டான். "அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ்" என்று அவன் வாய் சொல்லிக்கொண்டே இருந்தது. எனக்கும் கண்ணீர் வந்துவிட்டது. பயந்ததெல்லாம் வீண், யாரோ ஒரு நல்ல மனுஷி வழியில் உதவிக்கு ஏறியிருக்கிறாள் என்று அந்தச் சில நிமிடங்கள் நான் உண்மையாகவே நம்பினேன்.

அழுகை ஓய்ந்தது. கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. நேர்ஸ் வந்தா. காரைதீவுப் பிள்ளை போல, நெற்றியில் சின்னப் பொட்டு. முகம் நிறையச் சிரிப்பு.

"பொம்பிளைப் பிள்ளை. தாயும் சுகம், நல்லாக் கதைக்கிறா." முர்ஷித்தின் கைகளைப் பார்த்தா. பிறகு என்னுடையதை. "பிள்ளை எங்க?"

"என்னத்தைக் கேக்கிறீங்க?" என்றான் முர்ஷித்.

"பிள்ளைட காதில வாப்பா பாங்கு சொல்ல வேணும், கதவடியில நிக்கிறார், குடுங்க எண்டு அந்த அக்காதானே கேட்டா. உங்கட ஆக்களுக்கு அது முக்கியம் எண்டு எனக்கும் தெரியும். அதுதான் குடுத்தனான். இப்பதானே இதால வந்தவ?"

இதால யாரும் வரவில்லை. நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கதவிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

நேர்ஸின் சிரிப்பு மெதுவாக நின்றது. முர்ஷித் எழும்பி, பிள்ளையை வாங்குகிற மாதிரி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றான். எங்கே போவதென்று அவனுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

வெளியே, வளவுக்குள், இவ்வளவு நேரமும் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்த கார் ஒருதரம் உதறி நின்றுபோனது.