பதினான்காம் போர்ட்

மாலை நான்கு மணிக்கு, நெட்வொர்க் ஒப்பந்தக்காரன் முருகவேல் வேங்கிக்கால் சாலையில் இருந்த அந்தத் தனியார் மருத்துவமனைக்கு வந்தான். மூன்று கட்டடங்கள். மூன்றிலும் உள்ள நெட்வொர்க் ஸ்விட்சுகளில் போன் பேச்சு முதலில் போக வேண்டும், கேமரா படம் பின்னால் போகட்டும் என்று மாற்ற வேண்டும். வேலைத்தாளில் 'வழக்கமான சர்வீஸ்' என்று எழுதியிருந்தான். அது பொய்.

போன பௌர்ணமிக்குக் கிரிவலக் கூட்டம் வாசல்வரை நிற்கும் என்று, கேமராவுக்கு முதலிடம் கொடுத்தவன் அவன்தான். பேச்சு கடைசி வரிசைக்குப் போனதைக் கவனிக்கவில்லை. அன்று கூட்ட நெரிசலில் செல்போன் சிக்னல் யாருக்கும் கிடைக்கவில்லை. மூன்றாம் கட்டடத்தில் பிரசவமான ரேவதிக்கு ரத்தம் நிற்கவில்லை. நர்ஸ் பாஞ்சாலை உள் போனில் டாக்டரைக் கூப்பிட்டாள். துண்டு துண்டாகத்தான் கேட்டது. டாக்டர் வந்தபோது ரேவதி உயிரோடு இல்லை.

"நான் ஒழுங்கா பேசலைனு எழுதி வாங்கிட்டாங்கண்ணா," என்றாள் பாஞ்சாலை, கதவைத் திறந்தபடி. "திங்கக்கிழமை விசாரணை. வேலை போயிடும்."

அவன் தலை குனிந்து உள்ளே போனான்.

மூன்றாம் கட்டடத்தில் ரேவதி இருந்த வார்டைப் பூட்டிப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். புதுப் பெயிண்ட் வாசனைக்கு அடியில் பினாயில். அங்கிருந்த உள் போனைக் கழற்றிவிட்டிருந்தார்கள். ஸ்விட்சில் அதன் ஒயர் செருகும் இடம் பதினான்காம் போர்ட்; அதில் ஒயர் இல்லை.

மாற்றி முடித்ததும் பாஞ்சாலையை முதல் கட்டடத்துக்கு அனுப்பி, தன் சோதனைப் போனில் கூப்பிட்டான்.

"கேக்குதா சிஸ்டர்?"

"தெளிவா கேக்குதுண்ணா. பக்கத்துல யாரு?"

"யாரும் இல்லையே."

"பொம்பளை குரல்ண்ணா." அவள் குரல் இறங்கியது. "டாக்டர் வராருல்ல சிஸ்டர்னு கேக்குது. அன்னிக்கு ரேவதி இதையேதான் கேட்டா."

அவன் ஸ்விட்சோடு இணைத்திருந்த மடிக்கணினியைப் பார்த்தான்.

பதினான்காம் போர்ட்டில் எண் ஏறிக்கொண்டிருந்தது.

நொடிக்கு ஐம்பது.

பேசினாலும் பேசாவிட்டாலும், ரிசீவர் எடுத்திருக்கும்வரை போன் அனுப்பும் குரல் துண்டுகளின் கணக்கு அது.

"தப்பு உங்களுது இல்ல சிஸ்டர். நான்தான் கேமராவை முன்னாடி வெச்சேன்."

"இதை அவங்ககிட்டயும் சொல்வீங்களா?"

"சொல்றேன்."

திங்கட்கிழமை சொன்னான். பாஞ்சாலையின் வேலை தப்பியது. அவனுடைய ஒப்பந்தம் போயிற்று. பாஸ்வேர்டை ஒப்படைக்கும் முன், அவளும் அருகில் நிற்க, கடைசியாக ஒருமுறை மடிக்கணினியில் பதினான்காம் போர்ட்டைத் திறந்து பார்த்தான்.

"போனை வெச்சிட்டாளாண்ணா?"

நொடிக்கு ஐம்பது.

"இல்லைம்மா," என்றான் முருகவேல். "டாக்டருக்குக் காத்துட்டிருக்கா."